சடையப்பன் பற்றவைத்த நேரங்கள்

உங்கள் கையில் வாட்ச் கட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். சட்டைப் பையில் பேனாவும் இருக்கிறது. முன்னால் இரண்டு இடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் அங்கே இருக்கிறவர்கள் கை மொட்டையாக இருக்கிறது. இப்போது எல்லாரும் போனில்தான் மணி பார்க்கிறார்கள். என் போனை நம்ப முடியாது. பேட்டரி கழன்று கழன்று விழுந்து, ஊர் ஒரு மணி சொன்னால் அது வேறு மணி சொல்லும். எனக்கு நேரம் சுத்தமாக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

செங்கரட்டு மலை அடிவாரத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் மணியா. நீங்களும் அங்கேதானா? நல்லதாகப் போயிற்று தம்பி.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஓடி வந்து ஏறினேன். ஓடி என்றால் ஓட்டம் இல்லை, இந்த உடம்பை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது. வேகமாக நடந்தேன்.

இந்த பஸ் கரூர் பாடி, தெரியுமா? நீங்கள் சாய்ந்திருக்கிற தகட்டையும் இந்த ரிவெட் வரிசையையும் பார்த்தாலே எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவேன். முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்குப் பாடி கட்டின கை இது. வெறும் சேசிஸ் வரும், எலும்புக்கூடு மாதிரி. அதற்குத் தகடு அடித்து, கண்ணாடி வைத்து, மனுஷன் ஏறுகிற மாதிரி ஆக்கி அனுப்புவோம். பெரியண்ணன் என்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து தகராறு. நம்பர் நன்றாக எழுதுவேன். தகடு வெட்டுகிறவனுக்கு நம்பர் தப்பக் கூடாது.

பீடி நாற்பத்தோரு வருஷம். நாளைக்கு இரண்டு கட்டு. வெல்டிங் வைக்கும் முன்னால் ஒன்று, வைத்து முடித்தால் ஒன்று. அப்போது என் உடம்பு ஐம்பத்தெட்டு கிலோ. பஸ் கூரைக்கு ஏணி இல்லாமல் ஏறுவேன். அப்படி இருந்தவனைத்தான் இப்படி ஆக்கிவிட்டான்.

யார் என்று கேட்கிறீர்களா? என் சம்சாரத்தின் தம்பி. சடையப்பன். செங்கரட்டு மலைமேல் கோயிலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ரூம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவன். தினமும் அறுநூற்று நாற்பது படி ஏறுகிறான், இறங்குகிறான். பார்த்தால் சாது மாதிரி இருப்பான். அவனைப் பிடிக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

போன் அடிக்கிறது, தெரிகிறது. அடிக்கட்டும். சம்சாரம்தான். பாப்பாத்தி. அவளுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எங்கே விட்டேன்? ஆமாம், சடையப்பன். அவனுக்கும் எனக்கும் முதலில் இருந்தே ஆகாது. என் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், இருபத்திரண்டு வருஷம் இருக்கும், பந்தியில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் உள்ளே வருகிறேன். இவன் சொல்கிறான், "எங்க மச்சான் வர்றாருங்க, எல்லாரும் எலைய மூடிக்கங்க, சைலன்சர் பொகை உளுகும்." பந்தியே சிரித்தது. என் சம்சாரமும் சிரித்தாள். இவனும் அன்றைக்குப் பீடி குடிக்கிறவன்தான். அவன் பையில் கட்டு வைத்துக்கொண்டு என்னைச் சொல்கிறான். அவன் கேலியாகச் சொன்னதாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். நான் அதை மறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. கோயம்புத்தூர் கொண்டுபோய் நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்தார்கள். பீடியைத் தொட்டால் அடுத்த தடவை ஆள் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, அவன் விட வேண்டியது அவன் பாடு. நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "மச்சான், நீங்களும் உட்ருங்க" என்கிறான். பாப்பாத்தி பிடித்துக்கொண்டாள். சாப்பாடு வைக்கும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. தம்பி விடுகிறான், நீங்கள் விட மாட்டீர்களா.

எங்கள் பக்கத்தில் ஒன்றை விட வேண்டும் என்றால் கருப்பண்ணசாமி கோயிலில் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வோம். நான் மூன்று தடவை அணைத்திருக்கிறேன். மூன்று தடவையும் வாரம் தாண்டவில்லை. அவனும் அணைத்திருக்கிறான். அதனால் அவன் ஒரு யோசனை சொன்னான். எங்கிருந்துதான் அவனுக்கு அது தோன்றியதோ. "சாமி மேல பண்ணா சாமி மன்னிச்சுரும் மச்சான். ஒருத்தர் தலை மேல ஒருத்தர் பண்ணிக்குவோம்."

புரிகிறதா? என் தலையில் அவன் கையை வைத்து அவன் சத்தியம் செய்ய வேண்டும். அவன் பீடி குடித்தால் என் உயிருக்கு ஆகாது. அவன் தலையில் நான் கை வைக்க வேண்டும். நான் குடித்தால் அவன் உயிருக்கு ஆகாது. சூடம் எரிகிறது, பூசாரி பார்த்துக்கொண்டு நிற்கிறான், பாப்பாத்தி கண்ணில் தண்ணீர். அவன் கை என் தலையில் இருந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. ஈரமாக இருந்தது. அன்றைக்கே எனக்கு மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது. என் உயிரைக் கொண்டுபோய் இவன் கையில் கொடுத்துவிட்டோமே என்று.

நான் விட்டேன் தம்பி. சத்தியமாக விட்டேன். அவன்மேல் பாசத்தில் இல்லை. நாளைக்கு அவனுக்கு ஒன்று ஆனால், மச்சான் குடித்துத்தான் போய்ச் சேர்ந்தான் என்று அவன் வகையறா முழுக்கப் பேசும். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுப்பேனா? முதல் மாதம் ரிவெட் அடிக்கும்போது விரலை அடித்துக்கொண்டேன். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று கடலை மிட்டாய் போட்டேன். பிறகு வறுகடலை, தேங்காய் பன். சாயங்காலமானால் கரம் கடை. முறுக்கை நொறுக்கி, காரட் பீட்ரூட் துருவிப் போட்டுத் தருவார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது. சோறு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று நாற்பத்தோரு வருஷம் எனக்குத் தெரியாமலே போயிற்று. பாப்பாத்தி சந்தோஷமாகப் போட்டாள். நானும் சாப்பிட்டேன்.

பட்டறையில் பழைய தகடு எடை போடுகிற தராசு இருக்கிறது. ஒரு நாள் விளையாட்டாக ஏறி நின்றேன். எண்பத்து மூன்று. எடை போடுகிற அயூப் பாய் சொல்கிறார், "பெரியண்ணே, இரும்பு வெலைக்கு வாங்கிக்கட்டுமா?" எல்லாரும் சிரித்தார்கள். அரைஞாண் கயிறு வயிற்றில் பதிந்து தழும்பாகிவிட்டது. பாப்பாத்தி இரண்டு தடவை அறுத்துப் புதிதாகக் கட்டினாள். மூன்றாவது தடவை, "இது இனி கட்ட வேண்டாம்ங்க, கவுறு மொளக்கணக்குல ஆகுது" என்றாள்.

சரி, நான் இப்படி ஆனேனா? அவன் எப்படி இருக்கிறான்? அப்படியே குச்சி மாதிரி இருக்கிறான். அதே நாளில் விட்டவன். ஒரு கிலோ ஏறவில்லை. அதை நீங்களே யோசித்துப் பாருங்கள். பீடியை விட்டவன் பெருக்க மாட்டானா? நான் பெருக்கவில்லையா? படி ஏறி இறங்குகிறேன், அதனால் சதை போடவில்லை என்கிறான். அந்தக் கதையெல்லாம் வேறு ஆளிடம் சொல்லட்டும்.

அப்போதே எனக்குச் சந்தேகம். போன சித்திரையில் அது நிச்சயமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை. பஸ் கூரைக்கு ஏணியில் ஏறுகிறேன். பாதி ஏறும்போது நெஞ்சுக்குள் யாரோ ஜாக்கி வைத்து ஏற்றுகிற மாதிரி இருந்தது. இடது தோள், இங்கே தாடை வரைக்கும் வந்தது. வேர்த்துக் கொட்டியது. இறங்கி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பட்டறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. வாயு என்றார்கள், சோடா குடி என்றார்கள். குடித்தேன். ஆனால் எனக்குள் ஒன்று சொன்னது. வாயு இல்லை. அங்கே மலைமேல் அவன் பற்றவைத்திருக்கிறான்.

சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா, சரி. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். அவன் குடித்தால் யாருக்கு வலிக்கும்? எனக்குத்தானே வலிக்கும். இதில் என்ன குழப்பம்.

அன்றிலிருந்து வலிக்கும்போதெல்லாம் நேரத்தை எழுதி வைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால். இதோ, இந்தப் பையில் கட்டு முழுக்க இருக்கிறது, பாருங்கள். தேதி தாளிலேயே இருக்கிறது, நேரம் மட்டும் என் கையெழுத்து. ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது. இரண்டு ஐந்து. பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது, கவனித்தீர்களா? நான் வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவப் பத்தடி நடப்பேன், வந்துவிடும். பீடி குடிக்கிறவன் எப்போது குடிப்பான்? சாப்பிட்டதும் குடிப்பான். அவனும் அந்த நேரத்துக்குத்தான் சாப்பிடுவான். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். இதோ இது காலையில், ஆறு இருபது. நான் மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறினேன். அவன் மோட்டார் போட மலை ஏறுகிற நேரம். ஏறினதும் ஒன்று இழுக்காமல் இருப்பானா? ஆவணி, புரட்டாசியில் வாரத்துக்கு இரண்டு. இந்த மாதம் தினமும். ஆள் பழையபடி கட்டுக் கணக்கில் போய்விட்டான்.

நான்கு தடவை போய்ப் பார்த்தேன். சொல்லாமல் போனேன். மோட்டார் ரூமில் தேடினேன். தீப்பெட்டி இருந்தது. கேட்டால், "சாமிக்கு வெளக்கு வெக்கறதுக்கு மச்சான்" என்கிறான். சட்டையை மோந்து பார்த்தேன். டீசல் வாசம். "எங்கே, ஊது" என்றேன். ஐம்பத்தைந்து வயசு ஆள், சின்னப் பையன் மாதிரி என் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து ஊதுகிறான். துளசி வாசம். துளசியை மென்றால் பீடி வாசம் போகும் என்று எனக்குத் தெரியாதா? நாற்பத்தோரு வருஷம் நான் எத்தனை துளசி மென்றிருப்பேன்.

என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு ஆசை வர்றப்பெல்லாம் உங்க மூஞ்சிதான் மச்சான் வருது. அதுலயே நின்னுருது." இதற்கு என்ன அர்த்தம்? ஆசை வருகிறது என்று அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். அப்போதும் தலை சுற்றி அவன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். படி ஏறி வந்திருந்தேன். அவன் தண்ணீர் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம் மச்சான், எனக்கு வந்த மாதிரியே இருக்குது" என்றான். செய்கிறதையும் செய்துவிட்டு.

நான் எப்படி என்று கேட்பீர்கள். நான் தொடவே இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு வெல்டர் இரண்டு கையிலும் உறை போட்டிருந்தான். பீடியைப் பற்றவைத்துக் கொடுங்கண்ணே என்றான். என் வாயில் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். ஒரு இழுப்பு, பற்றுவதற்கு. நெருப்பு நன்றாகப் பிடிக்க இன்னொரு இழுப்பு. அது குடித்ததில் சேராது. பற்றவைத்தது. அந்த வாரம் சடையப்பன் படியில் மயங்கி விழுந்து நான்கு நாள் படுத்திருந்தான். அது மழைக்காலம். படி முழுக்கப் பாசி. வழுக்கினால் யாரும் விழத்தான் செய்வார்கள்.

மறுபடியும் அடிக்கிறது. இவள் விட மாட்டாள். ஒன்றும் இல்லை தம்பி, அவளை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பார்க்கப் போனது. இன்று காலையில் குளிக்கும்போது வந்தது, போகவே இல்லை. ஆறு ஐம்பதுக்கு ஆரம்பித்து ஏழு பதினைந்து வரைக்கும். அவ்வளவு நேரம் எந்தப் பீடி எரியும்? ஒன்றில் ஒன்றைப் பற்றவைத்திருக்கிறான். அவள் பயந்துபோய் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு டாக்டர் அம்மா. நம் மகள் வயசு. நெஞ்சில் ஒயர் ஒட்டி, கட்டம் போட்ட தாளில் கோடு கோடாக எடுத்தார்கள். இதோ, அந்தத் தாளும் இந்தப் பையில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு அந்த அம்மா முகம் மாறியது. "ஐயா, இப்பவே படுங்க. எந்திரிக்கக் கூடாது, நடக்கக் கூடாது" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சத்தியத்தைச் சொன்னேன், சடையப்பனைச் சொன்னேன். காலண்டர் தாளைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னாள், "ஐயா, ஏறுனா வலி, சாப்பிட்டு நடந்தா வலி, கோவப்பட்டா வலி. எனக்கு வேண்டியதெல்லாம் இதுல எழுதியிருக்கீங்க. ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. யாரும் எங்கயும் பீடி குடிக்கலை. நீங்க பீடிய விட்டதுனாலதான் இவ்வளவு நாளாவது தள்ளிப் போயிருக்கு. எடையெல்லாம் அப்பறம் கொறச்சுக்கலாம். இப்ப படுங்க."

படித்த பிள்ளை. ஆனால் சத்தியம் என்றால் என்ன என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? படுத்தால் மட்டும் என்ன ஆகும்? அங்கே அவன் குடித்துக்கொண்டே இருந்தால் இங்கே எனக்கு எத்தனை ஸ்பிரிங் வைத்தாலும் நிற்குமா? வேரில் கை வைக்க வேண்டும். நர்ஸ் கட்டில் போட உள்ளே போனாள், பாப்பாத்தி சீட்டு எழுத ஜன்னலுக்குப் போனாள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி. சட்டைப் பையில் இருக்கிறது. வைக்கவில்லை. அவன் செய்த தப்புக்கு நான் ஏன் மாத்திரை போட வேண்டும்? மாத்திரை போட்டு வலி தெரியாமல் போனால், அவன் குடிப்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

வேண்டாம் தம்பி. கண்டக்டரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உட்காருங்கள். பஸ்ஸை நிறுத்தினால் நான் இறங்கி அடுத்த பஸ் ஏறுவேன், அவ்வளவுதான். உட்காருங்கள்.

வேர்ப்பது வெயிலுக்கு.

இந்த போன் வேறு ஆள். அவன்தான். இதை எடுக்கிறேன். "சொல்றா... எங்க இருந்தா உனக்கென்ன... ஆமா, பஸ்லதான்... உன்னைப் பார்க்கத்தான் வர்றேன். மேலயே இரு... ஏன், ஏன் ஏறக் கூடாது?... நீ எறங்க வேண்டாம். எறங்காதே... சடையா, எறங்காதேன்னு சொல்றேன்."

வைத்துவிட்டான். கேட்டீர்களா? இந்த போனில் பேசினால் பத்து பேருக்குக் கேட்கும். "மச்சான், உங்க கால்ல விழறேன், படியேறிடாதீங்க, அடிவாரத்துலயே உக்காந்திருங்க, நான் ஓடியாறேன்." அக்காள் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். நான் ஏறக் கூடாதாம். ஏன் ஏறக் கூடாது? மேலே போனால் எனக்கு என்னவோ கிடைக்கும். அதற்குத்தான் தடுக்கிறான். மூச்சு எப்படி வாங்கியது அவனுக்கு, கவனித்தீர்களா? பீடியை விட்டவனுக்கு அப்படி வாங்குமா? ஓடிக்கொண்டே பேசினான் என்கிறீர்கள். ஸ்பிரிங் வைத்தவன் அறுநூற்று நாற்பது படி ஓடலாமா? எனக்காக ஓடி வருகிறானாம். இருபத்திரண்டு வருஷமாக அவன் குணம் எனக்குத் தெரியும்.

இதோ அடிவார வளைவு தெரிகிறது. இறங்க வேண்டியதுதான். கையைக் கொஞ்சம் பிடியுங்கள். அந்தப் படி உயரமாக வைத்துவிட்டான், எந்தப் பட்டறைக்காரனோ. பையை நீங்களே வைத்திருங்கள், பரவாயில்லை. இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, பஸ்ஸில் மடக்கி வைத்திருந்தேன்.

மலையில் இதுதான் முதல் படியா? வேண்டாம், உட்காரச் சொல்லாதீர்கள். டாக்டர் அம்மா மாதிரியே நீங்களும் பேசுகிறீர்கள். ஏறிக்கொண்டே சொல்கிறேன். நாலு படி. ஐந்து. உங்களுக்குக் கண் நன்றாகத் தெரியுமே, மேலே பாருங்கள், மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒருத்தன் இறங்கி வருகிறானா? துண்டு கட்டியிருக்கிறானா? அவன்தான். அந்த ஓட்டம் அவன் ஓட்டம்தான். கையில் என்ன வைத்திருக்கிறான்? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். பாட்டிலா. தண்ணீர் பாட்டில். வாய் கொப்பளிக்க எடுத்து வருகிறான். எனக்கு இல்லை, எனக்கு இல்லை.

எட்டு. ஒன்பது.

இருங்கள்.

வந்துவிட்டது. இதோ, இப்போது. இங்கே. அவ்வளவு தூரத்தில் வருகிறவன், ஓடி வரும்போதே எப்படிப் பற்றவைத்தான்? மணி என்ன? வாட்சைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள். மாத்திரை வேண்டாம், கையை எடுங்கள் என் சட்டைப் பையிலிருந்து. மணி சொல்லுங்கள். பன்னிரண்டு முப்பத்தெட்டா. காலண்டர் தாள் பைக்குள் இருக்கிறது, ஒன்றை எடுங்கள். பேனாவைக் கொடுங்கள். இந்தக் கை வர மாட்டேன் என்கிறது. விரல் பிடிக்கவில்லை. நீங்களே எழுதுங்கள் தம்பி. அவன் வந்தால் காட்ட வேண்டும். பேரெல்லாம் வேண்டாம். மணி மட்டும் போதும்.